புதைபடிவம்

நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் ‘புதைபடிவ எரிபொருள்’ என்றே நாளேடுகள் எழுதுகின்றன. அந்தச் சொல் எனக்கு நெருடுகிறது. அதன் மூலமான ஆங்கிலச் சொல் ‘பாசில்’, ‘தோண்டி எடுக்கப்பட்டது’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா 1546-இல் வெளியிட்ட நூலில் தாது, ரத்தினம், உப்பு, கல்லாகிப்போன சிப்பி எல்லாமே பாசில்தான். பண்டை உயிரின் சுவடு என்று பொருள் சுருங்கியது பிற்பாடு. ஆனால், அந்தச் சொல்லுக்கு முன்பே அந்தப் புரிதல் இருந்தது. கி.மு. 6-5ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிரேக்கர் செனோபனீஸ், மலைமேல் சிப்பிகளும் சிராக்யூஸ் கல்குவாரிகளில் மீன் பதிவுகளும் கிடப்பதைச் சான்றாக்கி, நிலம் முன்பு கடலடியில் கிடந்தது என்றார். சுவடு என்ற பொருளுக்குப் ‘புதைபடிவம்’ அருமையான சொல். ‘தொல்லுயிர் எச்சம்’ போதாதா என்பார்கள். எலும்புக்கு அது பொருந்தும். சேற்றில் பதிந்து இறுகிய காலடித் தடம் உடலின் எச்சமல்லவே! திருவக்கரையில் கணுவும் வளையமும் தெரியக் கிடக்கும் பாறைத் துண்டுகளுக்கோ, ‘கல்மரம்’ என்ற எளிய சொல்லே போதும். எரிபொருளின் கதை வேறு. நிலக்கரியிலும் இலைத்தடம் உண்டே என்று கேட்கலாம். எண்ணெயில் கண்ணுக்குத் தெரியும் தடம் எதுவும் இல்லை. அங்கே ‘பாசில்’ என்பது தோண்டி எடுத்தது என்ற பழம்பொருளையே சுமக்கிறது. ஆகவே ‘புதை எரிபொருள்’ என்பதே சரி. ‘படிவம்’ அங்கே வேண்டாத சுமை.