தட்டும் மாத்திரையும்: காசநோய் மருத்துவத்தில் உணவு ஒதுக்கப்பட்டு மீண்ட வரலாறு

காசநோய்க்கு ஊட்டமான உணவே மருந்து என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. மாத்திரை கிடைத்துவிட்டால் உணவு இரண்டாம்பட்சம் என்று அதன்பின் அரை நூற்றாண்டு நம்பியது. முன்னதிலிருந்து பின்னதற்கு உலகைத் திருப்பியது 1956இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு. அந்த ஆய்வின் முடிவு சரியானது. ஆனால் அது கேட்ட கேள்வி ஒன்று, அதன் விடையை மற்றவர்கள் பொருத்திப் பார்த்த கேள்வி வேறு. இந்த வேறுபாட்டின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

1850களில் சைலீசியாவின் மலைக்கிராமமான கோர்பர்ஸ்டோர்ஃபில் ஹெர்மன் பிரெமர் காசநோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனையை (சானடோரியம்) நடத்தத் தொடங்கினார். மலைக்காற்று, நடை, வயிறு நிறைய உணவு ஆகியவையே அங்கே சிகிச்சை. அவரிடம் நோயாளியாக இருந்து குணமான பீட்டர் டெட்வைலர், பின்னர் ஃபால்கன்ஸ்டைனில் தாமே ஒரு சானடோரியத்தை நடத்தினார். நடையைக் குறைத்து ஓய்வைக் கூட்டினார். உணவில் மட்டும் கை வைக்கவில்லை. 1882இல் ராபர்ட் கோச் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பிறகும் இந்த முறை மாறவில்லை. கிருமி எதுவென்று தெரிந்ததே தவிர, அதைக் கொல்ல வழி தெரியவில்லை.

கிருமி பெரிதா, உடல்நிலை பெரிதா என்ற கேள்வியை எளிமையாகச் சோதித்தவர் எட்வர்ட் ட்ரூடோ. நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் லேக் என்ற ஊரில் சானடோரியம் அமைத்த இவரும் ஒரு காசநோயாளியே. பதினைந்து முயல்களை மூன்றாகப் பிரித்தார். ஐந்து முயல்களுக்குக் கிருமியைச் செலுத்தி, இருண்ட இடத்தில் அரைவயிற்று உணவோடு அடைத்தார். இன்னும் ஐந்துக்குக் கிருமியைச் செலுத்தி, ஒரு சிறு தீவில் தாராளமாக மேயவிட்டார். மீதி ஐந்தைக் கிருமி இல்லாமல் இருண்ட குழியில் அரைவயிற்று உணவோடு வைத்தார். அடைபட்டிருந்த நோயுற்ற முயல்களில் நான்கு செத்தன. தீவில் விடப்பட்டவற்றில் ஒன்றுதான் செத்தது. கிருமி படாத முயல்கள் மெலிந்தனவே தவிர காசநோய் காணவில்லை. பசி மட்டும் காசநோயைத் தருவதில்லை. கிருமி புகுந்த உடல் பிழைக்குமா என்பதில் பசிக்கும் வாழிடத்துக்கும் பங்கு உண்டு. எண்ணிக்கை மிகச் சிறிது என்றாலும், இதன்பின் வந்த பல ஆய்வுகளைவிடக் கேள்வியைத் தெளிவாகப் பிரித்துக் கேட்ட சோதனை இது.

இந்தச் சிகிச்சைமுறை தென்னிந்தியாவுக்கும் வந்தது. மதனப்பள்ளி ஆரோக்கியவரம் சானடோரியம் 1915இல் திறக்கப்பட்டது. தாம்பரம் சானடோரியத்தை 1928இல் நிறுவியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இவர் அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை இராமானுஜன் 1917இல் அங்கே சிகிச்சை பெற்றார். பால், முட்டை, இறைச்சி என்று ஊட்டி உடலைத் தேற்றும் காலம் அது. கடும் சைவரான இராமானுஜனுக்கு ஆங்கிலேயச் சானடோரியங்களின் சாப்பாடு எப்படி ஒத்துப்போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உணவின் பங்கைப் போர்கள் கொடூரமாகக் காட்டின. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியச் சிறைமுகாம் ஒன்றில் பிரிட்டிஷ் வீரர்களும் சோவியத் வீரர்களும் ஒரேவகைக் கொட்டடியில் இருந்தனர். ஒரேவகை வேலை செய்தனர். பிரிட்டிஷ் வீரர்களுக்கு மட்டும் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலங்கள் வந்தன. அதனால் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கலோரியும் 30 கிராம் புரதமும் கூடுதலாகக் கிடைத்தன. அங்கே கைதியாக இருந்த மருத்துவர் லெய்டன் 1946இல் வெளியிட்ட கணக்கின்படி பிரிட்டிஷ் வீரர்களில் 1.2 விழுக்காட்டினருக்கும், சோவியத் வீரர்களில் 15 முதல் 19 விழுக்காட்டினருக்கும் காசநோய் இருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யக்கூடாத சோதனை அது.

அதே ஆண்டுகளில் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வந்துவிட்டது. 1952இல் ஐசோநயசிட் வந்தது. இந்தியாவின் சிக்கல், நோயாளிகளின் எண்ணிக்கைக்குச் சானடோரியப் படுக்கைகள் ஒரு மூலைக்கும் போதாது என்பதே. மருந்து மலிவு, படுக்கை அரிது. அப்படியானால் நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா? இதற்கு விடைகாணவே சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் உருவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து நடத்திய ஆய்வுக்கு வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார். 193 ஏழை நோயாளிகள், குலுக்கல் முறையில், பாதிப்பேர் வீட்டுக்கும் பாதிப்பேர் சானடோரியத்துக்கும் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவுக்கும் ஓராண்டு ஒரே மருந்து: ஐசோநயசிட்டும், பாஸ் (PAS) என்ற மருந்தும்.

வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில், ஓய்வின்றி, கிடைத்ததை உண்டார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் படுத்து ஓய்வெடுத்து, நல்ல உணவு உண்டு, வீட்டுப் பிரிவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை கூடினார்கள். ஆனால் ஆண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானடோரியப் பிரிவில் 92 விழுக்காடு. பெரிய வேறுபாடில்லை. 1961இல் இராமகிருஷ்ணனும் சக ஆய்வாளர்களும் உணவுக் கணக்கைத் தனியே ஆராய்ந்தும் இதையே சொன்னார்கள்: மருந்து முறையாகக் கிடைத்தால், உணவு குறைந்திருந்தும் கிருமி அடங்குகிறது.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வின் பங்கு பெரிது. ஏழை நாடுகளில் இலட்சக்கணக்கானோர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற முடிந்ததும் இதனால்தான். அதைக் குறைத்து மதிப்பிடுவது அறியாமை. ஆனால் ஆய்வு அளந்தது சளியில் கிருமி இருக்கிறதா என்பதை. தள்ளாடி வரும் எலும்புக்கூடு முதல் மாதத்தைத் தாண்டுமா என்பது அதன் முதன்மைக் கேள்வி அல்ல. வீட்டில் உடன் உண்ணும் மற்றவர்களின் தட்டைப் பற்றியும் அது கேட்கவில்லை. சளியைப் பற்றிய விடையை உயிரைப் பற்றிய விடையாகப் படித்ததுதான் பிழை. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டமும், மாத்திரை விழுங்குவதை நேரில் பார்த்து உறுதிசெய்யும், 1990களில் வந்த நேரடிக் கண்காணிப்பு முறையும் மாத்திரையைச் சுற்றியே கட்டப்பட்டன.

இந்த இடைவெளியை முதலில் சுட்டிக்காட்டியது ஆப்பிரிக்கா. மலாவியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2002இல் வெளிவந்த கட்டுரை, உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கேற்ற எடையின் அளவு) 17க்குக் கீழே இருந்தவர்கள் சிகிச்சையின் முதல் நான்கு வாரங்களில் இறக்கும் வாய்ப்பு கூடுதல் என்றது. இந்தியாவில் சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்தில் இயங்கும் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனையின் 1,695 நோயாளிகள் பற்றிய ஆய்வு 2013இல் வந்தது. ஆண்களின் இடைநிலை எடை 42.1 கிலோ, பெண்களுக்கு 34.1 கிலோ. பெண்களின் இடைநிலைக் குறியீட்டெண் 15. இயல்பின் கீழ் எல்லை 18.5 என்பதை நினைவில் வைத்துப் படித்தால் இந்த எண்களின் கனம் புரியும். காய்ச்சல் உடலைக் கரைக்கிறது, பசியைக் கொல்கிறது. கரைந்த உடலில் எதிர்ப்புச் செல்கள் சோர்கின்றன, கிருமி பெருகுகிறது. எது முதல், எது பின் என்று பிரிக்க முடியாத சுழல் இது.

சத்தீஸ்கர் ஆய்வை நடத்திய அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இணையர் அடுத்து ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களுக்குச் சென்றனர். 'ரேஷன்ஸ்' என்ற அந்த ஆய்வின் முடிவுகள் 2023 ஆகஸ்டில் லான்செட் இதழ்களில் வெளிவந்தன. 2,800 நோயாளிகளுக்கும் மாதம் பத்துக் கிலோ உணவுப்பொருள்: அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய். பாதிக் குடும்பங்களில் மட்டும் வீட்டார்க்கும் அரிசியும் பருப்பும். 10,345 வீட்டாரைப் பின்தொடர்ந்ததில், வீட்டாரும் உணவு பெற்ற வீடுகளில் புதிதாக வந்த காசநோய் 39 விழுக்காடு குறைந்திருந்தது. தொற்றும் தன்மையுள்ள நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. தடுப்பூசி ஒன்று இவ்வளவு செய்திருந்தால் முதல்பக்கச் செய்தியாகியிருக்கும்.

நோயாளிகளின் உயிர் பற்றிய கணக்கு வேறு. இரண்டு மாதத்தில் ஐந்து விழுக்காடு எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. இங்கே நிதானம் வேண்டும். எல்லா நோயாளிகளுக்கும் உணவு தரப்பட்டதால் ஒப்பிட மறுபிரிவு இல்லை; நோய் கடுமையாக இருப்பவர்க்கு எடை ஏறாது, அவர்களே இறக்கவும் செய்வார்கள். எடை உயிரைக் காத்ததா, உயிர் பிழைக்கப்போகிறவர் எடை கூடினாரா என்பதை இந்த எண் மட்டும் தீர்க்காது. ஆனால் ஆபத்தில் இருப்பவர் யார் என்பதை அது இரண்டு மாதத்துக்குள் காட்டிவிடுகிறது. அறநெறிப்படி உணவில்லாப் பிரிவு ஒன்றை வைத்திருக்கவும் முடியாது.

ஆபத்தில் இருப்பவரை முன்கூட்டியே கண்டறிவதை இதற்கு முன்பே நடைமுறையாக்கியிருந்தது தமிழ்நாடு. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தில், நோய் உறுதியானதுமே சில எளிய அளவுகள் எடுக்கப்படுகின்றன: குறியீட்டெண் 14ஐத் தாண்டுகிறதா, மூச்சு எண்ணிக்கையும் இரத்த ஆக்சிஜனும் சீராக உள்ளனவா, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா. தேறாதவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேநாளில் நிறைய ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதாலும் சேர்க்கை அவசியமாகிறது. நோயாளிக்கான மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது. அந்தத் தொகை நோயாளிக்கு மட்டும். வீட்டாரின் தட்டுக்கு அதில் இடமில்லை. ஜார்க்கண்டின் முடிவு வீட்டாரைப் பற்றியது என்பதால் இந்த விடுபடல் சிறியதல்ல.

எடையைப் பார்த்துத்தான் மாத்திரை எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறார்கள். எனவே காசநோய்ப் பிரிவுகளில் எடைக்கருவி ஏற்கெனவே இருக்கிறது. அதனருகே உயரமளக்கும் அளவுகோலையும் வைத்து, இரண்டாம் மாத எடையைச் சளிப் பரிசோதனை முடிவுக்கு இணையான முக்கியத்துவத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். ஐந்து விழுக்காடு கூடாதவரைத் தேடிப்போக வேண்டும். குடும்ப அட்டைக்குக் கூடுதல் பருப்பு தர வேண்டும். இவற்றுக்குப் புது ஆராய்ச்சி தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.