நாலு பேர் பார்த்தால்தான் அவமானமா?

அலுவலகத்தில் ஊனமுற்றவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். 'ஏ நொண்டி, அந்த ஃபைலை எடு', 'செவிடுகிட்டப் போய்ச் சொல்றியே' என்பார்கள். தட்டிக் கேட்டால், 'சும்மா தமாஷுக்குப்பா'. சேரியில் பிறந்தவர்களுக்கு இந்தத் தமாஷ் புதுசு இல்லை. சாதிப் பேரைச் சொல்லி ஏசியவர்களும் இதைத்தான் சொன்னார்கள்.

1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் அரசு வேலையில் 3 சதவீத இடம் ஒதுக்கியது. பணிக்காலத்தில் ஊனமானவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது என்றது அதன் 47ஆம் பிரிவு. காலை இழந்த காவலர் ஒருவரின் வழக்கில் 2003இல் உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது. நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்தவரை ஏசுகிறவனுக்கு என்ன தண்டனை? அதுபற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

அந்த வரி 2016ஆம் ஆண்டு சட்டத்தின் 92ஆம் பிரிவில்தான் வந்தது. இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, பொதுப்பார்வையில் படும் இடத்தில், ஊனமுற்றவரை அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை சிறை. இந்த வாசகம் எங்கிருந்து வந்தது? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலிருந்து. 1968இல் கீழ்வெண்மணியிலும் 1985இல் காரம்சேட்டிலும் நம் சனங்கள் செத்த பிறகு எழுதப்பட்ட சட்டம் அது. நம் போராட்டத்தில் விளைந்த சொல் 27 ஆண்டு கழித்து ஊனமுற்றோருக்கும் துணைக்கு வந்தது.

ஆனால் அதிலிருந்த ஓட்டையும் கூடவே வந்துவிட்டது. வெளியாள் பார்க்காமல் நாலு சுவருக்குள் ஏசியது வன்கொடுமைச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வராது என்று 2020இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 92ஆம் பிரிவிலும் அதே சொற்கள்தான். அப்படியானால் மேலதிகாரி என்ன செய்வான்? அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு ஏசுவான்.

ஊனமுற்ற தலித் ஊழியருக்கு இது இரட்டை அடி. ஏச்சில் சாதிக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு என்று யார் பிரித்துக் கொடுப்பது?

இருக்கிற வழிகளை விடக் கூடாது. அரசு அலுவலகம் ஒவ்வொன்றிலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரை இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு. தேதி, நேரம், கூட இருந்தவர் பேர் எல்லாம் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். 'பொதுப்பார்வை' என்ற நிபந்தனையை இரண்டு சட்டங்களிலிருந்தும் நீக்கச் சொல்லித் தலித் இயக்கங்களும் ஊனமுற்றோர் சங்கங்களும் ஒரே மேடையில் நின்று கேட்க வேண்டும். கதவைச் சாத்தி ஏசினாலும் ஏச்சு ஏச்சுதான்.