கேரித் தீவு: வாழ்பவர்கள் பலர், நில உரிமையாளர் சிலர்

கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே, கோலலங்காட் மாவட்டத்தில் இருக்கிறது கேரித் தீவு. ஒரு பக்கம் லங்காட் ஆறு, மறுபக்கம் மலாக்கா நீரிணை. ஏறக்குறைய முப்பதாயிரம் ஏக்கர் பரப்புள்ள இத்தீவின் பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். ரவாங்கிலிருந்து காரில் கிளம்பினால் கிள்ளான் வழியாகவோ பந்திங் வழியாகவோ ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். தெலுக் பங்லிமா காராங் பக்கத்திலிருந்து பாலம் உண்டு. படகு ஏறத் தேவையில்லை.

எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரே தீவுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தோட்டங்கள் திறக்கப்பட்டன. தாழ்வான சதுப்பு நிலம் என்பதால், கடல்நீர் உள்ளே புகாமல் கரை எழுப்பி, கால்வாய் வெட்டி நீரை வடியவிட்டுத்தான் பயிர் செய்ய முடிந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் அப்படித்தான் இங்கே வேரூன்றினர். கேரித்தீவு மேற்கு, கேரித்தீவு கிழக்கு என்று பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அந்த வரலாற்றின் அடையாளம்.

தீவின் வாழ்க்கை

தோட்டத்தில் வேலை இருக்கும்வரை வீட்டு வாடகைக் கவலை இல்லை. கோயிலும் பள்ளியும் பக்கத்திலேயே உண்டு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஆனால் மேல்நிலைப் படிப்புக்கும் பெரிய மருத்துவமனைக்கும் வெளியேதான் போக வேண்டும். பந்திங்கோ கிள்ளானோ, மோட்டார் சைக்கிளோ காரோ இல்லாமல் காரியம் நடக்காது. இளையோர் தொழிற்சாலை வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வெளியேற, நாட்டின் மற்றத் தோட்டங்களைப் போலவே இங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அந்த இடத்துக்கு வந்துள்ளனர்.

தோட்டம் வருவதற்கு முன்பிருந்தே இங்கு வாழ்பவர்கள் மா மெரி பூர்வக்குடியினர். சுங்கை பும்பூன் போன்ற கிராமங்களில் வசிக்கும் இவர்களின் மரச்சிற்பமும் முகமூடியும் நாடறிந்தவை. வார இறுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து வருவோரில் பலர் இதற்காகவும் கடலுணவுக்காகவும் வருகின்றனர்.

நிலம் யாருடையது?

தீவில் நிலம் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பகுதி நிலம் ஒரே தோட்ட நிறுவனத்திடம் உள்ளது. கோல்டன் ஹோப், கத்ரி, சைம் டார்பி ஆகிய மூன்றும் 2007இல் ஒன்றிணைந்தபோது இந்நிலம் சைம் டார்பியின் கைக்கு வந்தது. அதன் தோட்டப் பிரிவு 2017இல் தனி நிறுவனமாகப் பிரிந்து, 2024 முதல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாறியிருக்கிறது.

40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாடிப் பலருக்கு விற்க, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். பூர்வக்குடியினரின் நிலம் 1954ஆம் ஆண்டின் பூர்வக்குடிகள் சட்டத்துக்கு உட்பட்டது. வெளியார் அதை வாங்க இயலாது. ஆக, சாதாரணக் குடும்பத்துக்கு விலைக்கு வரக்கூடிய நிலம் இத்தீவில் மிகக் குறைவு.

துறைமுகம் வருமா?

கிள்ளானின் மூன்றாவது துறைமுகத்தைக் கேரித் தீவில் அமைப்பது பற்றி 2017இல் பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் அந்தப் பேச்சு அடங்குவதும் மீண்டும் எழுவதுமாக இருக்கிறது. பக்கத்துத் தீவான பூலாவ் இண்டாவின் கதைதான் இந்த நம்பிக்கைக்குக் காரணம். ஒரு காலத்தில் பூலாவ் லூமுட் என்றிருந்த அத்தீவு, 1990களில் மேற்குத் துறைமுகம் வந்தபிறகு தொழிற்பேட்டையாக மாறியது. இன்று காஜாங்கிலிருந்து நெடுஞ்சாலையே அங்குவரை போகிறது.

துறைமுகம் வந்தால் வேலை வரும், நில மதிப்பும் ஏறும். ஆனால் ஏறும் மதிப்பு, கிராண்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே போய்ச் சேரும். தோட்ட வீட்டில் மூன்று தலைமுறை இருந்தாலும் வீடு வேலையோடு சேர்ந்தது. நிலம் வேறு பயன்பாட்டுக்குப் போனால் முதலில் வெளியேற வேண்டியவர் தொழிலாளிதான்.

ரவாங் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. குண்டாங், சுங்கை சோ பக்கங்களில் தோட்டங்கள் இருந்த இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. பெஸ்தாரி ஜெயாவில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி உள்ளிட்ட ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்ததையும் இவ்வட்டாரத்தார் அறிவர்.

அரை ஏக்கர் 'லாட்' என்றால்

துறைமுகச் செய்தி வரும்போதெல்லாம் சுற்றுவட்டார விவசாய நிலத்தைச் சிறு 'லாட்' போட்டு விற்போரும் கிளம்புவர். விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்கு, அதாவது ஒரு ஏக்கருக்குக் குறைவாகப் பிரித்துத் தனிக் கிராண்ட் எடுக்கச் சட்டத்தில் பொதுவாக இடமில்லை. கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று வாங்குபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கூட்டு உரிமையில் ஒரு பங்கு, அல்லது வெறும் ஒப்பந்தக் காகிதம். அதை வங்கியில் வைத்துக் கடன் வாங்குவதும், பிறகு விற்பதும் பெரும்பாடு. விவசாய நிலத்தில் வீட்டு மனை போட வேண்டுமானால், நிலப் பயன்பாட்டை மாற்ற மாநில அரசின் ஒப்புதல் பெற்று பிரிமியம் கட்ட வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி 'சாரியான் ரஸ்மி' எடுத்துப் பார்ப்பது நல்லது. உரிமையாளர் யார், நிலம் விவசாயமா கட்டடமா, நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை எனில் எத்தனை ஆண்டு மீதம், அடமானமோ கேவியட்டோ இருக்கிறதா, மாநில அனுமதியின்றி விற்கத் தடை உண்டா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் இந்தியர் பெயருக்கு மாற்ற முடியாது. வழக்கறிஞரை விற்பவர் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னாலும், வாங்குபவர் தனக்கென ஒருவரை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இபிஎஃப் சேமிப்பில் வீட்டுக்குப் பணம் எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. அந்தத் தொகை வீடு வாங்கவோ கட்டவோதான். வெறும் நிலத்தை வாங்கிப்போட அல்ல.

தோட்டக் குடும்பங்கள் செய்யக்கூடியது

1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர்கள் வீதிக்கு வந்தனர். அதற்கு மாற்றாகத்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டித் தொழிலாளர்கள் பங்குதாரர் ஆயினர். அந்தச் சிறு பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன.

இன்று கேரித் தீவில் வேலை செய்யும் குடும்பம், தீவிலேயே நிலம் கிடைக்கும் என்று காத்திருப்பதைவிட, வாடகை இல்லாத இந்த ஆண்டுகளில் மிச்சம் பிடித்து பந்திங், தெலுக் பங்லிமா காராங், கிள்ளான் பகுதிகளில் மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பிப்பது பலன் தரும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த வயதில் வங்கிக் கடன் கிடைப்பது அரிது என்பதால், நாற்பது வயதுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். வீடு வாங்கியபின் கிராண்ட் தம் பெயருக்கு மாறிவிட்டதா என்பதையும் ஒருமுறை நில அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளலாம்.