நாவலரவர்களும் வசனபாடமும்

சேக்கிழார் சுவாமிகள் அருளிச்செய்த திருத்தொண்டர் புராணம் 4,000க்கு மேற்பட்ட விருத்தங்களையுடையது. திண்ணைப் பள்ளியிலே மணலில் எழுத்தெழுதிப் பொருளுணராமலே நிகண்டை நெட்டுருப்பண்ணிய சிறுவருட் பலர் அதன் வாயிலளவுங்கூட வந்திலர். அஃது அவருடைய மடிமையென்றே பழிக்கப்பட்டது. அவர் கைக்கேற்ற புத்தகம் இல்லாமையை எண்ணினார் சிலரே.

1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் இக்குறையை நன்கறிந்தார்கள். பாதிரிமார் பாடசாலையிலே கற்றுங் கற்பித்தும் இருந்தபோது, எளிய அச்சுப் புத்தகங்களின் வலியை நேரே கண்டவர்களன்றோ! ஆதலின் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதினார்கள். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார்கள். சந்தியாற் பிணைந்த சொற்களை இயன்றவரை பிரித்து, நிறுத்தக்குறியும் இட்டமையால், செய்யுளைக் கண்டு அஞ்சி அகன்றவனும் கண்ணப்ப நாயனார் சரித்திரத்தைத் தானே படிக்கலாயிற்று. திருக்காளத்தியிலே திண்ணனார் ஒரு கண்ணை அப்பியபின் மற்றைக்கண்ணிலும் உதிரம் பெருகிய இடத்திலே புத்தகத்தை மூடிவைப்பார் யார்?

வசனம் எழுதுதல் புலமைக்கு இழுக்கென்பார் உளர். அவர் நாவலரவர்களுடைய வசனத்தில் ஓர் இலக்கணவழுவைக் காட்டுவாராக. எளிமையின்பொருட்டுக் கொச்சைமொழியை அவர்கள் நாடினார்களல்லர்.

1879இல் அவர்கள் சிவபதமடைந்த பின்னரும் பாலபாடங்கள் பலமுறை அச்சாயின.