எல் சாந்தோ

எல் சாந்தோ (1917–1984): மெக்சிகோவின் தொழில்முறை மல்யுத்த வீரர், திரைப்பட நடிகர். இயற்பெயர் ரோடோல்ஃபோ குஸ்மான் உவெர்தா. இடால்கோ மாநிலத்துத் துலான்சிங்கோவில் பிறந்து, மெக்சிகோ நகரில் வளர்ந்தார். அவருடைய சகோதரர்களிலும் மல்யுத்த வீரர்கள் உண்டு. அவர் முதன்முதல் மேடையேறிய ஆண்டைச் சிலர் 1934 என்பர். சிலர் 1935 என்பர்.

தம் அடையாளமான வெள்ளி முகமூடியை அணியுமுன் அவர் பல வேடங்களை அணிந்து பார்த்தார். ‘செம்மனிதன்’ அவற்றுள் ஒன்று. மற்றொன்று ‘இரண்டாம் வௌவால்’. முதல் வௌவாலான ஹெசூஸ் வெலாஸ்கெஸ், பை நிறைய உயிருள்ள வௌவால்களைக் கொண்டுவந்து, ஆட்டம் தொடங்குமுன் கூட்டத்தின்மேல் பறக்கவிடுவார். அத்தகையவர் தம் பெயரை விட்டுக்கொடுப்பாரா? அவர் மல்யுத்த ஆணையத்திடம் முறையிடவே, குஸ்மான் அந்த வேடத்தைக் கைவிட்டார். 1942இல் குஸ்மானின் மேலாளர் ஹெசூஸ் லோமெலி வெள்ளி உடை அணிந்த அணியொன்றை அமைக்க விரும்பி, புனிதர் (எல் சாந்தோ), சாத்தான், தேவதூதர் என மூன்று பெயர்களைச் சொன்னார். குஸ்மான் புனிதரைத் தேர்ந்தார். அவ்வாண்டு ஜூலை 26 அன்று அரேனா மெக்சிகோ அரங்கில் ‘எல் சாந்தோ’ தோன்றினார்.

பெயர்தான் புனிதர், ஆட்டத்தில் அவர் ‘ரூடோ’, அதாவது விதியை மீறி அடிக்கும் முரடர். விதிப்படி ஆடுவோர் ‘தெக்னிகோ’ எனப்பட்டனர். 1943 ஏப்ரல் 2 அன்று அரேனா கொலிசேயோ திறக்கப்பட்டபோது, டார்சான் லோபெசுடன் முதன்மை ஆட்டத்தில் மோதினார். கோரி குரேரோவுடன் இணைந்து ‘அணு இணை’ என்று பேரெடுத்தார்.

1952 நவம்பர் 7 அன்று பிளாக் ஷேடோவுடன் முகமூடியைப் பணயம் வைத்து ஆடினார். இத்தகைய ஆட்டத்தில் தோற்றவர் அங்கேயே முகமூடியைக் கழற்றிவிட வேண்டும். மறுபடி அணிய முடியாது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்ததாகச் சொல்லப்படும் அந்த ஆட்டத்தில் பிளாக் ஷேடோ தோற்று முகத்தைக் காட்டினார். அவருடைய இணையாளர் புளூ டீமன், 1953இல் சாந்தோவை வென்று வெல்டர்வெயிட் உலகப் பட்டத்தைப் பறித்தார். பிற்காலத்தில் இருவரும் திரையில் தோழர்களாகப் பேய்களையும் பூதங்களையும் ஒழித்தனர்.

1952இல் ஹோசே ஜி. குரூஸ் தொடங்கிய படக்கதை இதழ் அவரை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. முதல் இரு படங்கள் 1958இல் கியூபாவில் எடுக்கப்பட்டன. மொத்தப் படங்களின் எண்ணிக்கையை 52 முதல் 54 வரை பலவாறாகச் சொல்வர். ‘சாந்தோவும் ரத்தக்காட்டேரிப் பெண்களும்’ (1962) வெளிநாடுகளிலும் ஓடியது. திரையில் நல்லவரானவர் மேடையிலும் அறுபதுகளின் தொடக்கத்தில் தெக்னிகோவாக மாறினார். மேடைக்கு வெளியிலும் அவர் முகமூடியைக் கழற்றவில்லை. உணவு உண்பதற்கென்றே தாடைப் பகுதி திறந்த முகமூடி ஒன்றை வைத்திருந்தார். வெளிநாட்டுப் படப்பிடிப்புக்குச் செல்கையில் படக்குழுவினரோடு பயணம் செய்யாமல் வேறு விமானத்தில் சென்றார் என்பர். சுங்கச் சோதனையில் முகம் காட்ட நேரும்போது அவர்கள் பார்த்துவிடக் கூடாதல்லவா!

1982இல் ஓய்வு பெற்றார். 1984 ஜனவரியில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் முகமூடியைச் சற்றே உயர்த்தி முகத்தின் ஒரு பகுதியைக் காட்டினார். பிப்ரவரி 5 அன்று மாரடைப்பால் இறந்தார். முகமூடியுடனே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மகன் ‘எல் இஹோ தெல் சாந்தோ’ 1982 முதல் வெள்ளி முகமூடியுடன் ஆடத் தொடங்கினார். 2018இல் மெக்சிகோ நகரம் இம்மல்யுத்தக் கலையைத் தன் பண்பாட்டு மரபாக அறிவித்தது.