மிதிவண்டி வழிகாட்டிப் பலகைகள்

சைக்கிளில் போகிறவருக்கு இடம், திசை, தொலைவு ஆகியவற்றைச் சொல்லும் சாலைப் பலகை மிதிவண்டி வழிகாட்டிப் பலகை எனப்படும். இந்தியச் சாலைகளில் சைக்கிள் படம் போட்ட பலகைகள் புதியவை அல்ல. சிவப்பு வட்டம் சைக்கிளுக்குத் தடை என்கிறது. சிவப்பு முக்கோணம் சைக்கிள்கள் குறுக்கே வரும் என எச்சரிக்கிறது. நீல வட்டம் சைக்கிள் பாதையைக் குறிக்கிறது. இவை மூன்றும் தடுக்கவும் எச்சரிக்கவும் ஒதுக்கவும் மட்டுமே பயன்படுகின்றன. சைக்கிள்காரரும் எங்கோ போய்ச் சேர வேண்டியவர் என்பதைக் கணக்கில் எடுப்பது வழிகாட்டிப் பலகை ஒன்றுதான்.

மோட்டார் வாகனங்களுக்கான பலகையை அப்படியே சிறிதாக்கினால் இது கிடைத்துவிடாது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜிஎஸ்டி சாலையில் உயரே தொங்கும் பச்சைப் பலகை செங்கல்பட்டையும் திருச்சியையும் காட்டும். அச்சாலையோரத்து மறைமலை நகரில் அறை எடுத்துத் தங்கி ஷிப்டுக்குப் போகும் தொழிலாளிக்கு வேண்டியவை ரயில் நிலையம், கம்பெனி வாசல், அரசு மருத்துவமனை, பக்கத்து ஊர்ச் சந்தை ஆகியவை. அதிலும், லாரிகள் ஓடும் பெரிய சாலையை விட்டு உள்தெருக்கள் வழியாகப் போகும் வழி வேண்டும். உள்ளூரில் வளர்ந்தவருக்கு அது மனப்பாடம்; வேலைக்காக நேற்று வந்து இறங்கியவருக்குத் தெரியாது.

வரலாறு

மோட்டார் கார் பரவுவதற்கு முன்பே சாலையில் பலகை நட்டவர்கள் சைக்கிள் ஓட்டிகள். 1878இல் பிரிட்டனில் தோன்றிய சைக்கிள் பயணிகள் சங்கம், ஆபத்தான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகளை வைத்தது. நெதர்லாந்தில் 1883இல் சைக்கிள் ஓட்டிகள் அமைப்பாகத் தொடங்கிய ஏஎன்டபிள்யூபி, 1894இல் கைகாட்டி மரங்களை நடத் தொடங்கியது. 1919 முதல் காளான் வடிவிலான தாழ்ந்த கற்களையும் அது சாலையோரத்தில் பதித்தது. நம் ஊர் மைல்கல்லும் தாழ்வாகத்தான் நிற்கிறது. நடையிலும் சைக்கிள் வேகத்திலும் வாசிக்க அந்த உயரம் போதும்.

பெரிய மாற்றம் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்திலிருந்து வந்தது. ஹியூகோ போலன் அங்கே சுரங்கப் பொறியாளராக இருந்தவர். நிலக்கரிச் சுரங்கப் பாதைகளின் சந்திப்புகளுக்கு எண் கொடுக்கும் முறையைத் தரைமேல் கொண்டுவந்து, சைக்கிள் பாதைகள் கூடும் இடங்களுக்கு எண் இட்டார். அந்த வலையமைப்பு 1995இல் திறக்கப்பட்டது. பயணி தான் கடக்க வேண்டிய எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு புறப்பட்டால் போதும். ஊர்ப் பெயர்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் வாழும், மறைமலை நகருக்கு அருகிலுள்ள ஒரகடம் வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை தென்படவில்லை. எண்ணைப் படிக்கத் தமிழும் வேண்டாம், இந்தியும் வேண்டாம்.

அமைக்கும் முறை

ஒரு சந்திப்புக்கு மூன்று பலகைகள் தேவை. சந்திப்புக்கு முன்னால் நிற்பது எந்தப் பக்கம் எந்த இடம் என்று சொல்லும். திருப்பத்தில் நிற்பது அம்புக்குறி மட்டும் காட்டும். திரும்பிய பின் சற்றுத் தள்ளி நிற்பது, சரியான வழியில்தான் போகிறீர்கள் என்று உறுதி செய்யும். செலவைக் குறைக்க முதலில் விட்டுவிடப்படுவது இந்த மூன்றாவதுதான். அது இல்லாவிட்டால் புதியவர் அரை கிலோமீட்டர் போனதும் நின்று, யாரையாவது கேட்கத் தொடங்குவார்.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஒரு நொடிக்குச் சுமார் 4 மீட்டர் நகர்கிறது. திருப்பத்துக்கு 30 மீட்டர் முன்னால் பலகை இருந்தால், வாசித்து, கை காட்டி, ஓரம் மாற ஏழு நொடி கிடைக்கும். ஒரு பலகையில் மூன்று இடங்களுக்கு மேல் எழுதினால் அந்த நேரத்துக்குள் வாசிக்க முடியாது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் பலகைகள் தொலைவோடு எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் சொல்கின்றன. சித்திரை வெயிலில் மிதிக்கிறவருக்குக் கிலோமீட்டரைவிட நிமிடம்தான் பயனுள்ள தகவல்.

இரவுக்கு வேறொரு சிக்கல் உண்டு. சாலைப் பலகைகளில் ஒட்டப்படும் பிரதிபலிப்புத் தாள், தன்மேல் விழும் ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. காரின் முகப்பு விளக்கில் எழுத்து பளிச்சென்று தெரிவது அதனால்தான். டைனமோவும் விளக்கும் இல்லாத சைக்கிளில் வருபவருக்கு அதே பலகை வெறும் இருட்டு. இரவு ஷிப்ட் முடிந்து வருவோருக்கான பலகையைத் தெருவிளக்கின் அடியில்தான் வைக்க வேண்டும். இந்த ஒரு விதியைப் பின்பற்றாவிட்டால், பலகை யாருக்காக வைக்கப்பட்டதோ அவருக்கே அது உதவாது.

உயரம் இன்னொரு செய்தி. மிகத் தாழ்ந்தால் போஸ்டர் ஒட்டுவார்கள், நடப்பவர் தலையிலும் இடிக்கும். மிக உயர்ந்தால் கிளைகள் மறைக்கும். நடைபாதையில் பலகையின் கீழ் விளிம்பு ஏறக்குறைய 2 மீட்டருக்கு மேல் இருப்பது வழக்கம்.

மறைமலை நகர் – ஒரகடம் – ஸ்ரீபெரும்புதூர்

தமிழறிஞர் மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய மறைமலை நகர், 1970களில் வகுக்கப்பட்ட சென்னைப் பெருநகர முழுமைத் திட்டத்தின் துணைநகரங்களுள் ஒன்று. திட்டமிட்ட தெருக்களும் எண்ணிட்ட குடியிருப்புப் பகுதிகளும் இருப்பதால் சைக்கிள் வழிகளை இங்கே எளிதில் தொடுக்கலாம். அப்பகுதிகள் என்.எச்.-1, என்.எச்.-2 என வழங்கப்படுவதால், பலகையில் அப்படியே எழுதினால் புதியவர் நெடுஞ்சாலை என்று நினைத்துவிடக்கூடும். ‘குடியிருப்பு 2’ என்பதே தெளிவு.

நகருக்கு வெளியேதான் கடினம். சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் சாலையும், அதை ஒரகடத்தில் குறுக்கிடும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் தொழிற்சாலைப் போக்குவரத்துக்காக அகலப்படுத்தப்பட்டவை. ரெனோ தொழிற்சாலையும் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் தொழிற்சாலையும் இவ்வட்டாரத்தில் இயங்குகின்றன. கன்டெய்னர் லாரிகளும் புதிய கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட வண்டிகளும் ஓடும் சாலையில், தனிப் பாதை போடாமல் ‘சைக்கிள் வழி’ என்று அம்புக்குறி வைப்பது தவறு; ஆளை ஆபத்துக்குள் அனுப்புவதற்குச் சமம். முதலில் கிராமச் சாலைகளையும் ஏரிக்கரைப் பாதைகளையும் சிப்காட் உள்சாலைகளையும் தொடுக்க வேண்டும். சென்டர் மீடியனில் கடக்கும் இடம் எங்கே என்பதையும் பலகை சொல்ல வேண்டும். அது தெரியாததாலும் தொலைவில் இருப்பதாலும் பலர் எதிர்த்திசையில் வருகிறார்கள்.

சைக்கிள் ஓட்டுவதற்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களைப் பெருந்திரளாக சைக்கிளில் ஏற்றியது. 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிய அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிக்கும் அனைவருக்கும் விரிந்தது. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் சைக்கிளுக்குமான கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை அவர்களுக்கு ஒதுக்க முடிவு செய்தது. சைக்கிளைக் கையில் கொடுத்த அரசு அது போகும் வழியையும் காட்டுவதே முறை.

பராமரிப்பு

இவ்வட்டாரத்தில் தேசிய நெடுஞ்சாலையும் மாநில நெடுஞ்சாலையும் நகராட்சித் தெருவும் சிப்காட் சாலையும் வெவ்வேறு நிர்வாகத்தின் கீழ் உள்ளன. ஒரு வழி நான்கையும் கடக்கும்போது, இடையில் ஒரு பலகை விழுந்தால் முழு வழியும் அறுந்துவிடும். நெதர்லாந்தில் இதற்கெனத் தேசிய அளவில் ஒரே அமைப்பு உண்டு. இங்கே, 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். ஒவ்வொரு பலகையின் பின்புறமும் ஓர் அடையாள எண்ணும் புகார் தெரிவிக்கும் தொலைபேசி எண்ணும் எழுதி, எல்லாப் பலகைகளையும் ஒரே பதிவேட்டில் வைப்பது அதன் முதல் வேலையாக இருக்கும்.