சங்கம், சாலை, காலேஜ்

சித்தூர்ப் பக்கத்தில் பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளை அடுத்த ஜூனிலேயே காலேஜ் போகத் தொடங்கிவிடும். எல்லை தாண்டிக் காட்பாடிக்கு வந்தால் அதே வயதுப் பிள்ளைக்கு அது பிளஸ் ஒன். சீருடை போட்டுக்கொண்டு போகும் பள்ளிக்கூடம். ஆந்திரத்தில் இன்டர்மீடியட் நடக்கும் இடம் ஜூனியர் காலேஜ், பி.ஏ., பி.காம். நடக்கும் இடம் டிகிரி காலேஜ், அதற்கும் மேலே பி.ஜி. காலேஜ். பதினாறு வயதுக்கும் காலேஜ்தான், இருபத்திரண்டுக்கும் காலேஜ்தான்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஆல் சோல்ஸ் என்றொரு காலேஜ் இருக்கிறது. ஆறாம் ஹென்றி மன்னரும் கேன்டர்பரி பேராயர் ஹென்றி சிச்சலியும் 1438இல் நிறுவியது. அங்கே இளநிலை மாணவர் என்று யாரும் இல்லை. ஒரு தலைவர், நாற்பது ஃபெல்லோக்கள். தொடக்கத்தில் அவ்வளவுதான் காலேஜ். பிரெஞ்சுப் போர்களில் மாண்டவர்களின் ஆன்மாக்களுக்காகச் செபிப்பது, படிப்பது, அதற்கு ஈடாக நிலமானிய வருவாயில் உண்டு உறைவது. பட்டம் பெற்றோருக்கு மட்டுமான காலேஜ் என்ற பேச்சு இங்கிலாந்தில் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. 1937இல் நஃபீல்டு, 1950இல் செயின்ட் ஆன்டனிஸ், கேம்பிரிட்ஜில் 1964இல் டார்வின் என வரிசையாக வந்தன. ஆனால் அந்த வகைக்கு மூத்த உறவு ஆல் சோல்ஸ்.

திருப்பதிக்காரர்களுக்கு அந்த இடத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. திருத்தணியில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணன், 1896இல் திருப்பதி ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். பிறகு வேலூர் ஊரிஸ், சென்னை கிறித்துவக் கல்லூரி, மைசூர், கல்கத்தா. 1936இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்பால்டிங் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவி ஆல் சோல்ஸ் காலேஜோடு இணைந்தது என்பதால் அங்கே ஃபெல்லோவும் ஆனார். 1952 வரை அந்தப் பேராசிரியர் பதவியில் இருந்தார். சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் பிறந்த சி.ஆர். ரெட்டி கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் காலேஜில் படித்து வந்தவர். 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவரே. 1931இல் அவருக்கு அடுத்து வந்தவர் ராதாகிருஷ்ணன். ராதாகிருஷ்ணன் 1936இல் ஆக்ஸ்ஃபோர்டு போனதும் ரெட்டியே மீண்டும் வந்தார். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர் ஒரே நாற்காலியை மாற்றி மாற்றிக் காத்த காலம் அது.

‘காலேஜ்’ என்பது லத்தீன் ‘கொலேகியும்’ வழி வந்தது. ஒரு பொறுப்புக்குக் கூட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அவர்களின் குழு என்பதே அதன் பொருள். கட்டடம் அதில் இல்லை, மாணவர் அதில் இல்லை, ஆட்கள்தான் இருக்கிறார்கள். ‘ஃபெல்லோ’ இன்னும் சுவையானது. பழைய நார்ஸ் மொழியில் ‘ஃபே’ என்றால் கால்நடை, உடைமை, பணம். உடைமையை ஒன்றாகப் போட்டுக் கூட்டுச் சேர்ந்தவன் ‘ஃபேலகி’. நம்மிடமும் ‘மாடு’ பழந்தமிழில் செல்வத்தைக் குறித்த சொல். திருக்குறள் படித்த யாருக்கும் இது தெரியும். கால்நடையே செல்வமாக இருந்த இரண்டு உலகங்கள், இரண்டு மொழிகள், ஒரே எண்ணம். இன்று திருப்பதி எஸ்.வி. பல்கலைக்கழக விடுதியில் ‘ஃபெல்லோஷிப் வந்துச்சா?’ என்று கேட்கும் ஆய்வு மாணவரும், கூட்டுச் சொத்தில் தன் பங்கைத்தான் கேட்கிறார்.

காலேஜ் தமிழ்நாட்டுக்கு வந்தபோது நம்மவர்கள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1812இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் முயற்சியில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் காலேஜ் தொடங்கியது. தமிழில் அதற்கு வழங்கிய பெயர் ‘சென்னைக் கல்விச் சங்கம்’. தாண்டவராய முதலியார் அதன் தலைமைத் தமிழ்ப் புலவராக இருந்தார். சங்கம் என்றால் ஆட்களின் கூட்டம். லத்தீன் வேரை அறியாவிட்டாலும் பொருளின் உயிரைப் பிடித்த பெயர் அது. இதைவிடச் சிறந்த மொழிபெயர்ப்பு பின்னாளில் அமையவில்லை என்பது என் துணிபு.

அதன் பிறகு காலேஜ் என்பது பாடம் நடத்தித் தேர்வுக்கு அனுப்பும் இடமாயிற்று. சங்கம் போய்க் கலாசாலை வந்தது. பல்கலைக்கழகம் ‘சர்வகலாசாலை’ ஆனது. தெலுங்கில் ‘களாசால’ இன்றும் அரசுப் பலகைகளில் நிலைத்திருக்கிறது. தமிழில் தனித்தமிழ் உணர்வு வலுத்தபோது சீவகசிந்தாமணியில் கிடந்த ‘கல்லூரி’யைத் தேடி எடுத்து வைத்தார்கள். கற்கும் இடம் என்று நேராகப் பொருள் சொல்லும் நல்ல சொல். ஆயினும் அது இடத்தைச் சொல்கிறது, கூட்டத்தைச் சொல்லவில்லை.

கழித்துவிட்ட கலாசாலையில் ‘சாலை’ இருந்ததை நினைத்தால் எனக்கு இழப்பாகவே இருக்கிறது. இன்று சாலை என்றால் வண்டி ஓடும் பாதை. 9ஆம் நூற்றாண்டில் அது வேறு. கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறைப் பக்கம் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் திருமால் கோயிலும் அதோடு ஒரு சாலையும் அமைத்துச் செப்பேடு கொடுத்தான். காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டது அது. அங்கே 95 சட்டர் இருக்க இடம். சட்டர் என்பது வடமொழி ‘சாத்ர’ என்பதன் தமிழ் உருவம். புதிதாக அரிச்சுவடி தொடங்குவோருக்கு அங்கே இடமில்லை. இலக்கணமும் மூன்று அரசுகளின் நடைமுறையும் அறிந்தவராக இருக்க வேண்டும் என்கிறது செப்பேடு. ஒருவரை ஒருவர் ஏசினால் தண்டம். அவைக்கு ஆயுதம் கொண்டு வரக்கூடாது. நிலமானியம், எண்ணி வைத்த இடங்கள், முன்தகுதி, உள்விதிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆல் சோல்ஸின் நாற்பது இடங்களுக்கு 572 ஆண்டுகள் முன்பே 95 இடங்கள்.

விழுப்புரம் அருகே எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு இன்னொரு படி மேலே போகிறது. தொடக்க மாணவர் 270 பேருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 6 நாழி நெல். உயர்நிலையில் படிக்கும் 70 பேருக்கு 10 நாழி. மேற்படிப்புக்குக் கூடுதல் உதவித்தொகை என்ற ஏற்பாட்டைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். சாலையின் இடங்கள் வேதக் கிளைகளுக்குப் பங்கிடப்பட்டவை. மற்றவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஆல் சோல்ஸில் 1981 வரை பெண் ஃபெல்லோ ஒருவரும் இல்லை. அதன் புகழ்பெற்ற நூலகத்துக்குப் பணம் கொடுத்த காட்ரிங்டனின் செல்வம் பார்படோஸ் கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. 2020இல்தான் நூலகத்திலிருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள்.

திருப்பதிக்கு வருவோம். 15ஆம் நூற்றாண்டில், ஆல் சோல்ஸ் எழும்பிய அதே நூற்றாண்டில், சாளுவ நரசிம்மர் ஆதரவோடு கந்தாடை ராமானுஜ ஐயங்கார் இங்கே இராமானுச கூடங்களை நடத்தினார். அவை உணவுக்கானவை. மானியம் வைத்து ஆட்களைப் பராமரிக்கும் கலையில் இந்த ஊர் எவருக்கும் குறைந்ததல்ல. அறிவுக்கென்று அப்படி ஒன்று அமைந்தது 1939இல், தேவஸ்தானம் தொடங்கிய வெங்கடேஸ்வரா கீழ்த்திசை ஆய்வு நிறுவனம். திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்திலிருந்து 1922இல் வெளிவந்த செப்பேடுகளில் அன்னமாச்சாரியார் பாடல்கள் இருந்தன. அந்தத் தகடுகளை எழுத்தெழுத்தாகப் படித்துப் பதிப்பித்த பணியில் வேட்டூரி பிரபாகர சாஸ்திரியும் ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மாவும் இங்கே உழைத்தார்கள். பாட வேளை இல்லை, தேர்வு இல்லை. தகடும் விளக்கும் சில அறிஞர்களும். இன்று தெலுங்கு நாடெங்கும் அந்தப் பாடல்கள் ஒலிக்க அந்த உழைப்பே அடிப்படை. காலேஜ் என்ற சொல்லின் மூலப் பொருளுக்குத் திருப்பதியில் மிக அருகே வந்தது அதுதான். 1954இல் எஸ்.வி. பல்கலைக்கழகம் அமைந்தபின் நிறுவனம் அதன் பொறுப்பில் சேர்ந்தது.

திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. தமிழும் தெலுங்கும் வடமொழியும் சேர்ந்து தெரிந்த இளம் ஆய்வாளர்கள் இல்லாமல் அவற்றை மறுபடி படிக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் சித்தூர் எல்லையில்தான் இயல்பாகப் பிறக்கிறார்கள்; வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று வளர்பவர்கள். தேவஸ்தானமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நாற்பது இடங்கள் கொண்ட ஓர் உறைவிடம் அமைக்கட்டும். சாதி, பால், மதம் பாராமல் தகுதி பார்த்து எடுக்கட்டும். ஐந்தாண்டுக்கு உணவும் அறையும் மாதத் தொகையும் கொடுத்து, வகுப்பெடுக்கச் சொல்லாமல் விடட்டும். அதற்குச் ‘சாலை’ என்றே பெயர் வைக்கலாம்.